இரண்டு பெட்டி, ஒரு டப்பா

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பாட்டில் அக்கா என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அதைக் கேட்டு வேறு மாதிரி நினைத்துக்கொண்டு, ஒரு வாரம் அவள் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பார்கள். பாட்டிலில் இருந்தது தண்ணீர்தான். இரண்டு லிட்டர் பிடிக்கும். ஒரு ஷிஃப்டில் இரண்டு தடவை நிரப்புவாள். அவளுக்கு அரிவாள் செல் ரத்தசோகை. உருண்டையாக வழுக்கிக்கொண்டு ஓட வேண்டிய சிவப்பணுக்கள் அவள் உடம்பில் சில நேரம் அரிவாள் மாதிரி வளைந்து, விறைத்து, சின்னச் சின்ன ரத்தக் குழாய்களில் சிக்கி நின்றுவிடும். நின்ற இடத்தில் வலி. தண்ணீர் குறைந்தால் வலி. குளிர் பட்டால் வலி. ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தாலும் சில நாள் வலி.

குளிருக்குப் பயந்துதான் இந்த வேலையைப் பிடித்தாள். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு ரோலர் இயந்திரத்துக்குக் கொடுத்தால், மறுபக்கம் காகிதம்போல் மடிப்பில்லாமல் வந்து விழும். அதன் முன்னால் நிற்பது அடுப்புக்குள் தலையை விட்டமாதிரி. மூன்று மாதத்துக்கு மேல் யாரும் அங்கே தாக்குப்பிடித்ததில்லை. அவள் பத்தொன்பது வருடமாக நிற்கிறாள். ஒரு வருட முடிவில் மேலாளர் எல்லாரையும் கூட்டிவைத்து அவளுடைய விசுவாசத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். முட்டிக்கு இதமாக இருக்கிறது, அதனால்தான் நிற்கிறேன் என்று அவரிடம் சொல்லி அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லை.

அவளுக்கு ஒரு தம்பி. எட்டு வயது இளையவன். அவனுக்கும் இதே நோய். அப்பாவும் அம்மாவும் நோய் இல்லாமலே அதைச் சுமந்தவர்கள். அவர்களிடம் ஆளுக்குப் பாதியாக இருந்தது இவர்கள் இரண்டு பேரிடமும் முழுசாக வந்து சேர்ந்தது. சின்ன வயதில் அவள் கால் வலி என்று அழுதபோது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறாள் என்றார்கள். தம்பிக்கு ஒரு வயதில் கைவிரல்கள் கொழுக்கட்டை மாதிரி வீங்கியபிறகுதான் ஒரு டாக்டர் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ரத்தம் எடுத்துப் பார்த்தார். தன் வலியை வீடு நம்பியது அவன் விரல் வீங்கியதால்தான் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அவனைத் திட்டும்போதுகூட அந்த நன்றி அவளுக்கு மறப்பதில்லை.

தம்பி வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். டிரைவிங் ஸ்கூல் காரில் இடதுபக்கம் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின் மேல் ஒரு பாதத்தை வைத்துக்கொண்டே பகல் முழுக்க ஊரைச் சுற்றுவான். குளிர்சாதனம் போடமாட்டான். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வேர்த்து வழிந்து கேட்டால், ஸ்டியரிங் பிடிக்கிறவன் வேர்க்காமல் கற்றுக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை என்பான். அவனும் மனைவியும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில்கள் வருடத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டே வந்தன. கடைசியில் கேட்பதை அவர்களே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு பேரும் பல வருடமாக ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே டாக்டரிடம் காப்ஸ்யூல் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். ஒரு நாள் அங்கே புதிதாக ஒரு பவுடரைச் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லி, ஒரு நர்ஸ் இருவரையும் தனி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். மேஜைக்குப் பின்னால் வெள்ளைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. தம்பி அன்றைக்கே அவளுக்குப் பெட்டி நர்ஸ் என்று பெயர் வைத்துவிட்டான்.

நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். இந்த நோயில் அணு வளைவது மட்டும் பிரச்சினை இல்லை. வளைந்து, உடைந்து, உள்ளே இருக்கும் இரும்பு வெளியே கசிந்து, ஒரு விதத்தில் ரத்தத்துக்குள்ளேயே துருப்பிடிக்கிற வேலை நடக்கிறது. அந்தத் துருவை எதிர்த்து நிற்க அணுவுக்குள் இயற்கையாகவே ஒரு சரக்கு உண்டு. இவர்களுக்கு அது சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. இந்தப் பவுடர் அதை நிரப்பிக் கொடுக்கும் என்று நினைக்கிறார்கள். ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று பத்திரிகைகளில் போடுவார்களே, அந்த வகை. காப்ஸ்யூலை நிறுத்தக்கூடாது, இது கூடுதல்.

தம்பிக்கு இதில் பாதி புரிந்தது. அக்காவுக்கு முழுசாகப் புரிந்தது. துருக்கறையைப் பற்றி யாரும் அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சோப்புக்கு மசியாத கறை அது. அமிலம் வைத்து எடுத்தால் கறையோடு துணியும் கொஞ்சம் போகும். கறையை எடுப்பதைவிட வாளியை மாற்றுவது மேல் என்று கூடத்தில் இருபது தடவை சொல்லியிருக்கிறாள்.

அடுத்து நர்ஸ் சொன்னதுதான் அவளுக்கு இறங்கவில்லை. சேருகிறவர்களில் பாதிப்பேருக்கு நிஜப் பவுடர். மீதிப் பாதிக்கு அதே நிறத்தில், அதே ருசியில் வெறும் மாவு. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் பிரிக்கும். நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒரு வருடம் முடிந்தபிறகுதான் பிரித்துப் பார்ப்பார்கள்.

"அப்போ எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மாவு கிடைக்கலாம்?"

"கிடைக்கலாங்கக்கா. ரெண்டு பேருக்கும் மாவாவும் இருக்கலாம். ரெண்டு பேருக்கும் மருந்தாவும் இருக்கலாம்."

கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்கள். பெட்டிக்குள் சின்னச் சின்ன உறைகள், காலையில் இரண்டு, மாலையில் இரண்டு, தண்ணீரில் கலக்கிக் குடிக்க. இருவருக்கும் எடை ஏறக்குறைய ஒன்று என்பதால் அளவும் ஒன்று. தம்பி இரண்டு பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு உறையைப் பிரித்து, நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடி, ஏதோ பெரிய நிபுணன் மாதிரி மாற்றி மாற்றி ருசித்தான். கடைசியில் ஒன்று மாவு மாதிரி இருக்கிறது, இன்னொன்றும் மாவு மாதிரி இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னான். அவன் மனைவிக்குச் சிரித்துப் புரையேறியது.

அக்கா சிரிக்கவில்லை. சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு விறைப்பேற்ற இரண்டு தொட்டிகளில் ஸ்டார்ச் கரைப்பார்கள். ஒரு தொட்டி கெட்டியாகவும் ஒன்று நீர்த்தும் போய்விட்டால், பாதி விரிப்பு பலகையாகவும் பாதி கந்தலாகவும் வரும். எந்தத் தொட்டி எது என்று நின்று ஆராய நேரம் இருக்காது. ஒன்றை மற்றொன்றில் கொட்டிக் கலந்துவிடுவார்கள். எல்லா விரிப்பும் நடுத்தரமாக வந்துவிடும், எந்த ஓட்டலும் புகார் சொல்லாது. இதை முதன்முதலில் ஆரம்பித்து வைத்ததே அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தரையில் ஒரு பழைய துணியை விரித்து உட்கார்ந்தாள். இரண்டு பெட்டி உறைகளையும் கத்தரிக்கோலால் வரிசையாக நறுக்கி, ஒரு பெரிய டப்பாவில் கொட்டி, மரக்கரண்டியால் கால் மணி நேரம் கலந்தாள். ஓர் உறைக்கு எத்தனை ஸ்பூன் என்று தலைதட்டி அளந்து வைத்துக்கொண்டாள். காலி உறைகளை எண்ணி, அவரவர் பெட்டியில் திரும்ப வைத்தாள். மாத முடிவில் அவற்றை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க வேண்டும்.

தம்பி வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "மருந்துலயும் பங்கு பிரிக்கிறியா?"

"பிரிக்கலடா. சேக்கறேன்."

"மாட்டினா?"

"நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா மாட்ட மாட்டோம். அது ஒண்ணுதான் எனக்குக் கவலை."

ஆறு மாதம் இப்படியே போனது. ஒவ்வொரு மாதமும் நர்ஸ் உறைகளை எண்ணுவாள். மற்றவர்கள் பத்து உறையைத் தொலைத்துவிட்டு வருவார்கள். ஒருவர் பெட்டியையே பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தார். இந்த இரண்டு பெட்டிகளில் மட்டும் எண்ணிக்கை ஒருநாளும் பிசகியதில்லை. எல்லாரும் உங்களை மாதிரி இருந்தால் நான் சீக்கிரம் வீட்டுக்குப் போவேன் என்று நர்ஸ் ஒருதடவை சொன்னபோது, அக்கா குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தாள். அந்தச் செருப்பில் வாரே கிடையாது, தம்பி அதை வீட்டுக்கு வந்து சொல்லிக்காட்டினான்.

அக்காவுக்கு வலி குறைந்தமாதிரி இருந்தது. அந்த ஆறு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் வேலைக்குப் போகவில்லை. தம்பியும் தனக்குப் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். சொல்கிறானே தவிர, கண்ணில் மஞ்சள் குறையவில்லை.

ஏழாவது மாதம் ஒரு மதிய நேரம். ஐந்தாவது பாடத்துக்கு வந்திருந்த ஒரு வங்கிக்காரம்மாவுக்கு மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான் தம்பி. நெஞ்சிலும் முதுகிலும் ஒரே நேரத்தில் வலி பிடித்தது. பிரேக்கில் இருந்த காலை எடுக்க வரவில்லை. எப்படியோ இரண்டு கையாலும் காலைத் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னான். அந்த அம்மா அதுவரை இரண்டாவது கியரைத் தாண்டியவரில்லை. இரண்டாவது கியரிலேயே, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், நான்கு சிக்னல் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தார். வாசலில் வண்டி ஒரு தூணை உரசி நின்றது. அவ்வளவு வலியிலும் அவன், ஹேண்ட் பிரேக் போடுங்க மேடம் என்றானாம்.

செய்தி வந்ததும் அக்கா ரோலரை அணைக்கச் சொல்லிவிட்டு ஓடினாள். வார்டில் அவனுக்கு ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். வலிக்கு ஊசி போட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி அவனுடைய இரண்டு பாதங்களையும் சால்வையால் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குத் தன் முட்டிகள் நினைவுக்கு வந்தன. அவை வலிக்கவில்லை. எவ்வளவோ நாளாக வலிக்கவில்லை. இவனுடைய பெட்டியில் இருந்ததுதான் நிஜம் என்றால்? என்னுடையது மாவு, இவனுடையது மருந்து என்றால்? முழுசாக இவனுக்குப் போயிருக்க வேண்டியதில் பாதியை ஏழு மாதமாக நான் குடித்திருக்கிறேன். இந்த நினைப்பு வந்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்காவது நாள் நர்ஸ் வார்டுக்கு வந்தாள். கையில் ஒரு கோப்பு. தம்பியின் பெயர் அதில் இல்லை, எண் மட்டும்தான். எந்தத் தேதியில் வலி, எத்தனை நாள் ஆஸ்பத்திரி, எத்தனை ஊசி என்று கட்டம் கட்டமாக நிரப்பினாள். எதுக்கும்மா இதெல்லாம் என்று அக்கா கேட்டாள். கடைசியில் இதைத்தானே எண்ணப் போகிறோம், மருந்து குடித்தவர்களுக்கு எத்தனை தடவை, மாவு குடித்தவர்களுக்கு எத்தனை தடவை என்று நர்ஸ் சொன்னாள்.

சலவைக்கூடத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சீட்டு கட்டுவார்கள். துணி கிழிந்தால் மன்னிப்பு உண்டு, கருகினால் உண்டு. சீட்டை மாற்றிக் கட்டினால் கிடையாது. ஒரு சீட்டு மாறினால் அன்றைக்குப் போகிற அத்தனை மூட்டையும் சந்தேகம். பத்தொன்பது வருடத்தில் அக்கா ஒரு சீட்டை மாற்றிக் கட்டியதில்லை. இப்போது நர்ஸ் எழுதிக்கொண்டு போன கோப்பு முழுக்க அவள் மாற்றிக் கட்டிய சீட்டுதான்.

சொல்லிவிடலாம் என்று தம்பியிடம் சொன்னாள். அவன் முகத்திலிருந்த ஆக்ஸிஜன் குழாயை நகர்த்திவிட்டு, சொன்னால் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், இருக்கிற பாதியும் போய்விடும் என்றான். அவன் மனைவியும் அதையே சொன்னாள். "வேண்டாம் அண்ணி. இன்னும் அஞ்சு மாசம். யாருக்கு என்ன தெரியப்போகுது?"

மறுநாள் காலை வார்டுக்குப் போகிற வழியில், மாடிப்படி ஏறாமல் வலதுபக்கம் திரும்பி, வெள்ளைப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. திட்டறதா இருந்தா முழுசா கேட்டுட்டுத் திட்டு."

சொல்லி முடித்தபோது நர்ஸ் பேனாவை மூடிவைத்திருந்தாள்.

"எத்தனை மாசமா?"

"முதல் மாசத்துலேர்ந்து."

"ரெண்டு பேரோடதும்?"

"ரெண்டு பேரோடதும். நல்லா, கட்டியில்லாமதான் கலந்தேன்."

நர்ஸ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று அக்கா பயந்தாள். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிப்பு. ஆனால் கையை எடுத்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"அக்கா, உங்களை நான் எல்லாருக்கும் உதாரணம் காட்டிட்டு இருந்தேன்."

"தெரியும்மா. அதுதான் ரொம்பக் குத்திச்சு."

அவனோட மருந்தை நான் குடிச்சேனா, அதை மட்டும் சொல்லிடு என்று அக்கா கேட்டாள். நர்ஸ் முடியாது என்று தலையசைத்தாள். எனக்கே தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது, வருடம் முடியவேண்டும். வெளியே அனுப்புவார்களா என்பதையும் மேலே கேட்டுத்தான் சொல்லமுடியும். அதுவரை பவுடர் கிடையாது.

பதில் வர மூன்று வாரமாயிற்று. அந்த மூன்று வாரமும் தம்பி அவளிடம் நேராகப் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டில் படுத்திருந்தான். எதிரே நிற்கிற அவளைத் தாண்டி, அக்காவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லு, காத்து வரட்டும் என்று மனைவியிடம் சொல்வான். அக்காவும் சுவரிடம் பதில் சொல்லிவிட்டு நகர்வாள். நடுவில் மாட்டிய மனைவி ஒருநாள், என்னால ரெண்டு பக்கமும் தந்தி அடிக்க முடியாது, ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம், ஒரே வீம்பு என்று கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். வேறு ஆளில்லாமல், தண்ணீர் எடுத்துக் கொடு என்று தம்பி அக்காவிடமே கேட்க வேண்டியதாயிற்று. அதோடு சண்டை முடிந்தது.

வெளியே அனுப்பவில்லை. நடந்தது நடந்தபடி கோப்பில் எழுதப்பட்டது. பவுடர் தொடரலாம், ஆனால் அவரவர் உறையை அவரவர்தான் குடிக்க வேண்டும். தவறு எங்கள் பேரிலும் இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தால் ஒரே வகைப் பெட்டி கிடைக்கும்படி செய்திருக்க வேண்டும், இனிமேல் அப்படித்தான் செய்யப்போகிறார்களாம். சேருகிறவர்களிடம் கேட்கும் கேள்விகளில், வீட்டில் வேறு யாராவது இதில் சேர்ந்திருக்கிறார்களா என்று ஒன்று கூடியிருக்கிறது. தம்பி அந்தக் கேள்விக்குத் தன் அக்கா பெயரை வைக்கவேண்டும் என்று வாதாடினான்.

மிச்சமிருந்த மாதங்களில் இருவரும் தனித்தனி உறையைப் பிரித்து, தனித்தனி டம்ளரில் கலக்கிக் குடித்தார்கள். அக்கா தன்னுடையதைக் குடிக்கும்போதெல்லாம் இது மாவாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்கு வலி வரவில்லை. தம்பி இரண்டு தடவை படுத்தான். இரண்டாவது தடவை பதினோரு நாள்.

வருடம் முடிந்தது. எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். இவர்களை மட்டும் நர்ஸ் ஒன்றாக உள்ளே அழைத்தாள். முதலில் பொதுவாகச் சொன்னாள். மருந்து குடித்தவர்களில் நிறையப் பேருக்கு வலி வந்த தடவைகள் குறைந்திருக்கின்றன, எல்லாருக்கும் இல்லை. அணு வளைவதை இது நிறுத்தவில்லை, உடைவதைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. காப்ஸ்யூலை விட முடியாது. பிறகு இரண்டு காகிதங்களை எடுத்தாள்.

"அக்காவோடது மருந்து. சாரோடது மாவு."

அக்காவுக்கு முதலில் மூச்சு வந்தது. நான் அவனுடையதைக் குடிக்கவில்லை. ஒருநாளும் குடிக்கவில்லை. ஐந்து மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. இறங்கின கல் அங்கேயே நிற்கவில்லை. முதல் ஏழு மாதம் அவன் குடித்ததில் பாதியாவது மருந்தாக இருந்திருக்கிறது. இவள் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து அவனுக்கு அதுவும் இல்லை. பதினோரு நாள் அவன் படுத்துக்கிடந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து இவள் முழு மருந்தையும் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்," என்றாள் மெதுவாக.

தம்பி காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "உனக்கு ஒருநாளும் மூடத் தெரியாதே. என்னைத்தான் மூடச் சொல்லுவே." கொஞ்சம் பொறுத்து, "ஏழு மாசம் உன்னோடதுல பாதி குடிச்சிருக்கேன். கேட்டா குடுத்திருப்பியா?" என்றான்.

"கேக்காமலே குடுத்தேனேடா."

"அதைத்தான் சொல்றேன்."

நர்ஸ் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பெட்டிகளை எண்ண ஆரம்பித்தாள். கூடவே சொன்னாள், மாவு குடித்தவர்களுக்கெல்லாம் இனி ஆறு மாதம் மருந்து கொடுக்கிறார்கள். மருந்து குடித்தவர்களுக்கும் தொடரும். தம்பி தன் பெட்டியை வாங்கி, விளையாட்டுப் போட்டியில் ஜெயித்தவன் மாதிரி தலைக்குமேல் தூக்கிக்காட்டினான்.

மறுநாள் காலை சமையலறையில் அவனே உறைகளைப் பிரித்தான். நிறம் அதுவேதான். வாசனை அதுவேதான். தண்ணீரில் கொட்டிக் கலக்கினான். அக்கா ஷிஃப்டுக்குப் புறப்பட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"என்ன பாக்கற? பஸ் போயிடும்."

"போகட்டும். அடியில நிக்குது பாரு, கலக்கிக் குடி."

அவன் டம்ளரைச் சுழற்றினான். அக்கா பையை இறக்கி வைத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.